1969 எம்ஜிபிக்கு மாஸ்டா ரோட்டரி என்ஜின்: மலை ரோட்டுக்கு எது பொருந்தும்?

கொட்டகலை_எம்ஜிபி:
வணக்கம். வண்டி 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர், மார்க் 2, வலப்பக்க ஸ்டியரிங். 1798 சிசி என்ஜினின் பிளாக் வெடித்துவிட்டது, ஒட்டியும் பிரயோசனமில்லை. ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் மாஸ்டா என்ஜின்) போடுவதென்று முடிவு. கொழும்பில் மூன்று செட் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று, முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் இருந்து எடுத்த 12ஏ, கார்புரேட்டருடன், ஐந்து கியர் பாக்ஸோடு. இரண்டு, எஃப்சி (இரண்டாம் தலைமுறை) ஆர்எக்ஸ்-7இன் 13பி டர்போ, ஆரம்பக்கால சீரிஸ் 4, கியர் பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து. மூன்று, ஆர்எக்ஸ்-8இன் ரெனிசிஸ், ஆறு கியர்.

ஓட்டம் பெரும்பாலும் ஹட்டன், நுவரெலியா, வெலிமடை பக்கம். மாதம் ஒருமுறை கொழும்பு. ரதல்ல ஹில் கிளைம்பில் ஒருநாள் ஓட்டிப் பார்க்கவும் ஆசை. எதை எடுக்கலாம்? டனலை (கியர் பாக்ஸ் உட்காரும் நடுக் குகையை) எவ்வளவு வெட்ட வேண்டி வரும்? மேட்டில் சூடேறாமல் இருக்க என்ன செய்ய வேணும்?

லேத்_பதுளை:
தம்பி, ரெனிசிஸை முதல்ல ஒதுக்கி வைங்க. நல்ல என்ஜின்தான், ஆனா த்ரொட்டில் மின்சாரத்துல இயங்குறது, சாவிக்கும் கம்ப்யூட்டருக்கும் பூட்டு இருக்கு. எம்ஜிபியில அதை உயிர்ப்பிக்க தனி கம்ப்யூட்டர் வாங்கி ட்யூன் செய்ய வேணும். அதோட அதன் முழுப் பலம் நிமிஷத்துக்கு 8,000 சுத்துக்கு மேல்தான் வரும். கொண்டை ஊசி வளைவில அது கைக்கு எட்டாது.

உங்க வண்டி மார்க் 2 என்பது பெரிய வசதி. 1967 கடைசியில மார்க் 2 வந்தப்போதான் எம்ஜிபியோட டனலை அகலமாக்கினாங்க, மின்சாரத்தை நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தினாங்க, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்துச்சு. பின் அச்சும் குழாய் வகை, பழைய பான்ஜோ வகையை விட உறுதி. இதே 1965 வண்டின்னா மூணு வேலை கூடுதலா இருந்திருக்கும். டனலை முழுசா வெட்ட வேண்டியதில்லை, சில இடத்துல சுத்தியல் வேலை, கியர் லீவர் வாய்க்கு ஒரு வெட்டு. வெட்டுறதுக்கு முன்னால வெறும் கியர் பாக்ஸை மட்டும் உள்ளே வச்சு லீவர் எங்க வருதுன்னு பாருங்க. என்ஜின் இடத்தை லீவரும் ஃபயர்வோலும் முடிவு செய்யட்டும்.

ரோட்டரியில எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் என்ஜினோட நடு உயரத்துல இருக்கும். சாதாரண என்ஜினில கிராங்க் அடியில இருக்கும். அதனால என்ஜினைத் தாழ்த்தி வச்சா சம்ப் (அடி எண்ணெய்த் தட்டு) முன் கிராஸ் மெம்பர்ல (குறுக்குச் சட்டத்துல) இடிக்கும், உயர்த்தினா கியர் பாக்ஸ் டனல் கூரையில முட்டும். இந்த இரண்டுக்கும் நடுவுல கிடைக்கிற இடம் சில சென்டிமீட்டர்தான். தோட்டத்து ரோட்டுல சம்ப் தரையில படாம 130 மி.மீ. இடைவெளியாவது வேணும், அடியில 3 மி.மீ. தகடு ஒரு காவல் போடுங்க.

மவுண்ட் வேற விஷயம். 12ஏ முன் மூடியில இருந்து தாங்கும், எஃப்சி 13பி பக்கவாட்டுல தாங்கும். எது வந்தாலும் கிராஸ் மெம்பர்ல பிராக்கெட் புதுசா செய்யணும், அதில ரப்பர் அவசியம். இரும்புக்கு இரும்பு பிடிச்சா பிராக்கெட் வெடிக்கும்.

அடுத்தது வெப்பம். மாஸ்டா ரோட்டரிக்கு இன்டேக், எக்ஸோஸ்ட் இரண்டும் வண்டியோட வலப்பக்கம், பிளக் இடப்பக்கம். நம்ம நாட்டு எம்ஜிபியில ஸ்டியரிங் ஷாஃப்ட், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், கிளச் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் அதே வலப்பக்கம். ரோட்டரி எக்ஸோஸ்ட் சாதாரண என்ஜினை விட அதிக சூடு, பலமா ஓட்டும்போது 900 பாகையைத் தாண்டும். பக்கத்துல மறைப்பு இல்லாட்டி பிரேக் எண்ணெய் கொதிக்கும், ஸ்டியரிங் யூனிவர்சல் ஜாயிண்டோட கிரீஸ் உருகிப் போகும். ஷாஃப்டுக்கும் குழாய்க்கும் 25 மி.மீ. குறைஞ்ச அளவு. நடுவுல இரண்டு அடுக்குத் தகடு, தகட்டுக்கு நடுவுல 5 மி.மீ. காத்து இடைவெளி. துணி சுத்தினா மட்டும் போதாது.

அதனாலதான் நான் 12ஏ பக்கம். டர்போ இல்லாட்டி அந்த வலப்பக்கம் பாதி காலியாகும். கார்புரேட்டருக்கு உங்க பழைய எஸ்யூ பம்பே போதும்.

கடைசியா ஃபிளைவீல். ரோட்டரியில ஃபிளைவீலும் முன் பக்க எடையும் ரோட்டருக்கேத்த எதிர் எடையோட வரும். வேற சீரிஸோடதைக் கலந்தா 4,000க்கு மேல அதிர்வு தாங்காது. என்ஜினோட சேர்ந்து வந்ததையே வாங்குங்க. நட் 54 மி.மீ., 40 முதல் 50 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு. அதுக்கேத்த சாக்கெட் இல்லாம உளி வச்சுத் தட்டினா நட்டும் கெடும் பேரிங்கும் கெடும்.

ரம்பொடை_இறக்கம்:
லேத் அண்ணா சொன்ன பொருத்து வேலையில எனக்கு மறுப்பு இல்லை. என்ஜின் தேர்வில்தான் மறுப்பு. 12ஏ இந்த ரோட்டுக்குச் சரிவராது, கணக்கைப் பாருங்க.

எம்ஜிபியின் சொந்த என்ஜின் 3,000 சுற்றில் சுமார் 149 நியூட்டன் மீட்டர் இழுவை தந்தது. 12ஏ கார்புரேட்டர் என்ஜின் சுமார் 142, அதுவும் 4,000இல். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எந்த என்ஜினும் அந்த அளவுக்குப் பலம் இழக்கும். அப்போ 12ஏ கையில் தருவது 115 அளவுதான். இவ்வளவு பாடுபட்டு, வளைவிலிருந்து எழும்புவதற்குப் பழைய என்ஜினை விட மெதுவான வண்டி கிடைக்கும்.

பின் அச்சு விகிதம் 3.909. மாஸ்டா ஐந்து கியரில் இரண்டாவது சுமார் 2. 14 அங்குல வீலுக்கு 165 டயர் போட்டால், மணிக்கு 25 கிலோமீட்டரில் இரண்டாவது கியரில் என்ஜின் சுற்று 1,700 சொச்சம். ரம்பொடை வளைவுகளில் வேகம் அதுதான். 12ஏக்கு 1,700இல் ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்க வேண்டி வரும், அங்கே 3,000. 13பி டர்போ சீரிஸ் 4 ஜப்பான் கணக்கில் 185 குதிரைவலு, இழுவை 3,500இல் 245 நியூட்டன் மீட்டர். 2,500க்கு மேலேயே இழுக்கத் தொடங்கும்.

டர்போ இருந்தால் உயரத்தில் பலம் குறையாது என்று சிலர் சொல்வார்கள், அது அப்படியே உண்மை இல்லை. கம்பெனி வேஸ்ட்கேட் (டர்போ தரும் அழுத்தத்தை, அதாவது பூஸ்டை, மட்டுப்படுத்தும் வால்வு) வெளிக்காற்றுக்கு மேல் 0.4 பார் அளவுக்குத்தான் பிடிக்கும். கடல்மட்டத்தில் மொத்தம் 1.4, நுவரெலியாவில் 1.2. ஏழில் ஒரு பங்கு போகிறது. ஐந்தில் ஒன்று போவதைவிட இது நல்லதுதான். அதை மீட்க பூஸ்டை ஏற்றி வைத்தால் கொழும்புக்கு இறங்கும்போது அதிக பூஸ்டும் டெட்டனேஷனும் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வரும். ரோட்டரியில் டெட்டனேஷன் ஒரே தடவை பலமாக வந்தாலே ஏபெக்ஸ் சீல் (ரோட்டர் முனையில் இருக்கும் சீல்) உடையும், உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறி டர்போ வழியாக வெளியே போகும். 0.4இலேயே விடுங்கள். 92 ஒக்டேன் வேண்டாம், 95 மட்டும். எக்ஸோஸ்டை ரொம்பப் பெரிதாக்கவும் வேண்டாம். எஃப்சியின் வேஸ்ட்கேட் வாய் சிறியது. குழாய் இலேசானால் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். இரண்டரை அங்குலம் போதும்.

அச்சு தாங்குமா என்று கேட்பீர்கள். எம்ஜிபி ஜிடி வி8இல் இதே குடும்பக் குழாய் அச்சு சுமார் 260 நியூட்டன் மீட்டரைத் தாங்கியது, ஆனால் அங்கே விகிதம் 3.07. உங்களுடைய 3.909இல் அரை அச்சுகளுக்கு அதே முறுக்கு நாலில் ஒரு பங்கு அதிகமாகப் போகும். நின்ற இடத்தில் கிளச்சை விட்டெறியாமல் ஓட்டினால் தாங்கும். ரதல்லயில் ஸ்டார்ட் கோட்டில் விட்டெறிந்தால் தாங்காது.

பிரேக் பற்றி யாரும் பேசவில்லை. ரோட்டரிக்கு என்ஜின் பிரேக் பலம் குறைவு. கினிகத்தேனை இறக்கத்திலோ ரம்பொடையிலோ இரண்டாவது கியரில் விட்டுவிட்டு இறங்கும் பழக்கம் இருந்தால், அந்த வேலையின் பெரும்பகுதி இனி டிஸ்க்குக்குத்தான். முன்னால் காற்று போகிற டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும், பின் டிரம்முக்குப் புதிய சிலிண்டரும் லைனிங்கும், டொட் 4 எண்ணெய் புதிதாக, இது என்ஜினுக்கு முன்னாலேயே முடிய வேண்டிய வேலை. பூஸ்டர் வைத்திருந்தால் கவனம்: அது வெளிக்காற்றின் அழுத்தத்தில்தான் உதவுகிறது, உயரத்தில் அந்த உதவியும் ஐந்தில் ஒன்று குறையும். பெடல் கடினமாகத் தெரிந்தால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், ஆனால் காலுக்கு அதைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

நானுஓயா_கூலன்ட்:
13பி டர்போவுக்கே என் வாக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: கூலிங் முழுவதும் முடியும் வரை என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீங்க.

ரோட்டரியில் அலுமினிய ரோட்டர் ஹவுசிங்கும் வார்ப்பிரும்பு பக்கச் சுவரும் அடுக்காக, நீண்ட போல்ட்டுகளால் நசுக்கிப் பிடித்திருக்கு. இரண்டு உலோகமும் ஒரே அளவு விரியாது. ஒருமுறை நன்றாகக் கொதித்தால் நடுவிலிருக்கும் தண்ணீர் சீல் நசுங்கிப் போகும், பிறகு ஆறினாலும் பழைய நிலைக்கு வராது. காலையில் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை, ஃபில்லர் வாயில் குமிழி, தண்ணீர் தானாகக் குறைவது, மூன்றும் அதன் அடையாளம். அதற்கு மருந்து என்ஜினைப் பிரிப்பது மட்டும்தான்.

மலையில் பிரச்சினை வேகத்தில். மணிக்கு 25இல் முழுச் சுமையில் ஏறும்போது வெப்பம் நெடுஞ்சாலை அளவுக்கு வரும், காற்று மட்டும் வராது. ஊர் குளிராக இருப்பது உதவும், ஆனால் அதை நம்பி ரேடியேட்டரைச் சிறிதாக்க முடியாது. தண்ணீரும் உயரத்தில் சீக்கிரம் கொதிக்கும், நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் சுமார் 94 பாகை. 0.9 பார் மூடி போட்டால் 115 வரை தாங்கும், கொழும்பில் அதே மூடி 118 வரை. எம்ஜிபியின் பழைய குறைந்த அழுத்த மூடியும் பழைய ரேடியேட்டரும் இதற்கு ஆகாது.

செய்ய வேண்டியது: அலுமினிய இரட்டை வரிசை ரேடியேட்டர், தடிப்பு 40 மி.மீ.க்குக் குறையாமல், முன் வாய் முழுவதையும் நிரப்புகிற அகலத்தில். சுற்றிலும் தகடும் ஸ்பொஞ்சும் வைத்து அடைக்கணும், கிரில்லில் நுழைகிற காற்று ரேடியேட்டரைத் தவிர வேறு எங்கும் ஓடக் கூடாது. பின்னால் முழு மூடாக்கு, அதில் இரண்டு 10 அங்குல மின் ஃபேன், தனித்தனி ரிலே. ஒன்று 88 பாகையில், மற்றது 94இல் ஓடட்டும். உங்கள் லூகாஸ் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர் அளவுதான், இரண்டு ஃபேன், பம்ப், லைட் சேர்ந்தால் தாங்காது. எஃப்சி ஆல்டர்னேட்டரையே வையுங்க, பேட்டரிக்குப் போகும் கேபிளை 16 சதுர மி.மீ.க்கு மாற்றுங்க. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு ஒரு 12 வோல்ட்.

எண்ணெய் இன்னும் முக்கியம். ரோட்டருக்குள்ளே தண்ணீர் போவதில்லை, அதை ஆற்றுவது எண்ணெய்தான். எஃப்சியின் காற்று ஆயில் கூலரை செட்டோடு கேட்டு வாங்குங்க, சின்ன யூனிவர்சல் கூலர் வேண்டாம். பம்பருக்குக் கீழே தனி வாயில் வையுங்க, ரேடியேட்டருக்கு முன்னால் அடுக்க வேண்டாம். 12ஏ எடுத்திருந்தாலும் இதே கதைதான். 1983க்குப் பிந்திய சில 12ஏயில் வந்த, தண்ணீரால் ஆற்றும் தேன்கூடு கூலர் நம் மேட்டுக்கு ஒத்துவராது.

எஃப்சியின் இன்டர்கூலர் என்ஜின் தலைக்கு மேல் உட்காரும், எம்ஜிபி பொனட் மூடாது. அதை ரேடியேட்டருக்கு முன்னால் கொண்டுவந்தால் ரேடியேட்டருக்குச் சுடுகாற்று. 0.4 பூஸ்டுக்குத் தண்ணீர் வகைச் சிறிய இன்டர்கூலர் போதும், அதன் தனிக் குட்டி ரேடியேட்டர் இடப்பக்க முன் மூலையில்.

தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும், ஃபில்லர் வாய் என்ஜினில் எல்லாவற்றையும் விட உயரமாக வரணும். ஹீட்டர் திறந்து வையுங்க. நம் ஊரில் இப்படி நிறுத்த இடத்துக்கா பஞ்சம். காற்று வெளியேறாமல் மூடினால் பின் ரோட்டர் பக்கம் ஒரு குமிழி தங்கி, மீட்டர் 85 காட்டும்போதே உள்ளே கொதிக்கும்.

எம்ஜிபியின் பழைய மீட்டரை நம்ப வேண்டாம், இலக்கம் காட்டுகிற ஒன்று. தண்ணீர் 100க்குக் கீழே இருக்கணும், 105இல் மணி அடிக்கட்டும். எண்ணெய் 110 வரை சரி, 120 வந்தால் ஓரம் கட்டுங்க. மேட்டின் உச்சியில் போய் உடனே சாவியைத் திருப்ப வேண்டாம். இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்க, டர்போவுக்கும் ஹவுசிங்குக்கும் அது தேவை.

கொட்டகலை_எம்ஜிபி:
மிக்க நன்றி. 13பி டர்போவையே எடுக்கிறேன், பிரேக்கை முதலில் செய்கிறேன். என்ஜினை நுவரெலியாவில் ஒரு கராஜில் இறக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். அங்கே கம்ப்ரெஷன் பார்த்து வாங்கலாமா? பெற்றோல் லைன், 2டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய் கலப்பது, பதிவுப் புத்தகம் பற்றியும் சொல்லுங்கள்.

லேத்_பதுளை:
வாங்கலாம், ஆனா மீட்டர் காட்டுற அளவை உயரத்துக்கேத்தபடி திருத்திப் பாருங்க. மாஸ்டா சொல்ற குறைந்தபட்ச கம்ப்ரெஷன் 250 சுற்றில சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ, ஒரே ரோட்டரோட மூணு முகத்துக்கும் நடுவுல வித்தியாசம் 1.5 கிலோவுக்கு மேல போகக் கூடாது. அது கடல்மட்டத்து எண். நுவரெலியாவில நல்ல என்ஜினும் ஐந்தில ஒரு பங்கு குறைச்சுத்தான் காட்டும், அங்கே 4.8 கிடைச்சா கொழும்புல 6. விக்கிறவர் கொழும்புல எடுத்த அளவைக் காட்டினா அதோட நேரா ஒப்பிடாதீங்க. உயரத்தால மாறாதது மூணு முகமும் சமமா இருக்குதா என்பது. ரோட்டரி மீட்டர் இல்லாட்டி சாதாரண மீட்டரோட வால்வைக் கழட்டிட்டு கீழ் பிளக் ஓட்டையில வச்சுக் கிராங்க் பண்ணுங்க, முள் மூணு தடவை சமமாத் துள்ளணும். இரண்டு துள்ளு, ஒரு சோர்வுன்னா ஒரு ஏபெக்ஸ் சீல் போயிடுச்சு. பேட்டரி நல்ல சார்ஜில இருக்கணும், இல்லாட்டி எல்லாம் குறைஞ்சு காட்டும்.

அதுக்குப் பிறகு முன் புல்லியைப் பிடிச்சு முன்னும் பின்னும் தள்ளி டயல் மீட்டரால எண்ட் பிளே பாருங்க, 0.04 முதல் 0.07 மி.மீ.க்குள்ள. பிளக் கீழே பீயூஆர்7ஈக்யூ, மேல பீயூஆர்9ஈக்யூ, மாத்திப் போட வேண்டாம்.

ரம்பொடை_இறக்கம்:
பெற்றோல்: எஸ்யூ பம்பின் அழுத்தம் இன்ஜெக்ஷனுக்குப் பக்கத்திலும் வராது, இதற்குச் சுமார் 2.5 பார் வேண்டும். எம்ஜிபி தாங்கி வளைவில் பெற்றோலை ஒரு பக்கம் ஒதுக்கும். கால் தாங்கியோடு நீளமான வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சினால் அந்தக் கணம் கலவை மெலிந்து டெட்டனேஷன் வரும். எஸ்யூ பம்ப் 1.5 லீட்டர் சர்ஜ் டேங்கை (இடைத் தாங்கியை) நிரப்பட்டும், அதிலிருந்து உயர் அழுத்த பம்ப், திரும்பும் லைன் சர்ஜ் டேங்குக்கும் அங்கிருந்து தாங்கிக்கும். இன்ஜெக்டரை ஓம் மீட்டரால் அளந்து பாருங்கள். 2, 3 ஓம் என்றால் ரெசிஸ்டர் பொதி கட்டாயம், 12க்கு மேல் என்றால் தேவையில்லை. பொதியை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் எரியும். வெளிக்காற்று அழுத்தத்தை உணரும் சென்சரையும் வயரிங்கோடு கேட்டு வாங்குங்கள், அது இல்லாவிட்டால் நுவரெலியாவில் கறுப்புப் புகைதான்.

டாக்கோ: இரண்டு ரோட்டர் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எரிக்கும், நான்கு சிலிண்டர் மாதிரியே. எண்ணிக்கை பொருந்தும். ஆனால் 1969 டாக்கோ காயில் ஊடாகப் போகும் மின்னோட்டத்தை உணரும் வகை, உள்ளே நவீன சர்க்கியூட் மாற்றினால்தான் சரியாகக் காட்டும்.

நானுஓயா_கூலன்ட்:
2டி எண்ணெய்: சீரிஸ் 4இல் (ரோட்டர் சீல்களுக்கு எண்ணெய் விடுகிற) எண்ணெய் அளக்கும் பம்ப் த்ரொட்டிலோடு கம்பியால் இணைந்தது, மின்சாரம் இல்லை. அதைக் கழற்றாதீங்க, கம்பி அசைகிறதா என்று மட்டும் பாருங்க. அதோடு லீட்டருக்கு 3, 4 மில்லி கலந்தால் நல்லது. பம்பை எடுத்துவிட்டால் 7, 8 மில்லி, 40 லீட்டருக்கு 300 மில்லி. புல்லு வெட்டுற மெசினுக்குப் போடுகிற எண்ணெயில் போத்தலில் ஜாசோ எஃப்டி என்று இருப்பதை எடுங்க, சாம்பல் குறைவு. என்ஜின் எண்ணெய் 20டபிள்யூ-50 மினரல், 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்க. பெற்றோல் வாடை அடித்தால் அதற்கும் முன்னால்.

குளிர் காலையில் ஸ்டார்ட் செய்து வண்டியை நாலு அடி நகர்த்திவிட்டு உடனே நிறுத்துவதுதான் ரோட்டரியைப் பெற்றோலில் மூழ்கடிக்கும். தண்ணீர் 70 பாகை வரும்வரை ஓட விடுங்க. மூழ்கிவிட்டால் பம்ப் ஃபியூஸை எடுத்து, கீழ் பிளக் இரண்டையும் கழற்றி, பத்து விநாடி வீதம் சில தடவை கிராங்க். பிளக்கைக் காயவைத்துப் போட்டு ஸ்டார்ட்.

பதிவுப் புத்தகம்: என்ஜின் இலக்கமும் 1798 சிசியும் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தணும். விற்கிறவரிடம் பில்லையும் அந்த என்ஜின் இறக்குமதியான சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் பணம் கொடுக்கும் முன்னாலேயே வாங்குங்க, இலக்கம் என்ஜினில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தணும். புகைப் பரிசோதனைக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமல் போகாதீங்க. ரோட்டரியில் எரியாத ஹைட்ரோகார்பன் இயல்பாகவே அதிகம், கன்வெர்ட்டர் சூடாக இருக்கும்போதுதான் குறையும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, என்ஜினை நிறுத்தாமல் வரிசையில் நில்லுங்க.